ஆயிரம் சொல் சீதனம்

"மூச்சு விட்ட. பிழை," என்று சொல்லிப் பரிமளம் புத்தகத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இல்லங்க ஆன்ட்டி, நான் சொன்னது சரிதான். வேணும்னா ஒங்க மகனக் கேட்டுப் பாருங்க."

"அவன எதுக்கு இழுக்குற? கேட்டதும் கடகடன்னு வந்தா தெரிஞ்ச வார்த்தை. நின்னு நிதானிச்சு வந்தா நீயா கட்டிச் சொல்றேன்னு அர்த்தம். இதோட மூணு பிழை ஆச்சு. அடுத்தது... ஹொஸ்பிட்டபிள்."

யசோதினி கண்ணை மூடிக்கொண்டாள். காலை ஐந்தரைக்குப் பூனாகலையில் பஸ் ஏறி, பண்டாரவளையில் இறங்கி மாறி, பதுளை வந்து சேர எட்டேகால் ஆகிவிட்டது. வந்ததும் பால் ஊற்றாத பிளேன்டீ ஒன்று கொடுத்தார்கள். இப்போது மணி பன்னிரண்டரை. உள்ளே பருப்புக் கறி தாளிக்கும் வாசனை வயிற்றைப் பிசைந்தது. வீடு தேடி வந்தவரை முகம் மலர வரவேற்று உபசரிக்கும் குணமுள்ளவர் என்பதுதான் அந்தச் சொல்லின் விளக்கம். அதை இங்கிலீஷில் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"ம்... இது சரி," என்றாள் பரிமளம்.

பரிமளத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அதை அவள் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. பதுளையில் ஒரு டியூஷன் வகுப்பில் விற்ற 'ஆயிரம் சொற்களும் விளக்கங்களும்' என்ற போட்டோகாப்பிப் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதித் தரும்படி மகனிடம் சொன்னாள். அவனும் ஆயிரத்துக்கும் எழுதிக் கொடுத்தான். அதை வைத்துக்கொண்டு அவள் ஞாயிறுதோறும் நூறு சொல் கேட்பாள். சொல்லின் தமிழ் அர்த்தம் போதாது, விளக்கத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பதில் சரியா பிழையா என்று அவள் கண்டுபிடிக்கும் முறைதான் மூச்சு. ஒரு வார்த்தைக்கு நடுவில் நின்றால், எச்சில் விழுங்கினால், கண்ணைக் கூரைப் பக்கம் ஓட்டினால் பிழை. பத்துப் பிழைக்கு மேல் போனால் அந்த நூறையும் முதலிலிருந்து கேட்பாள். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

கேட்கப்படுகிறவளோ அரசாங்கச் சம்பளம் வாங்கும் இங்கிலீஷ் டீச்சர். பூனாகலைப் பக்கத்துப் பாடசாலையில் நூற்றிருபது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். திங்கள் முதல் வெள்ளி வரை கரும்பலகை முன்னால் நிமிர்ந்து நிற்கிறவள், ஞாயிற்றுக்கிழமை இந்த ஹாலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். சோபா காலியாகத்தான் கிடந்தது.

அவள் இந்த வீட்டுக்கு யார் என்று கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். சட்டப்படி மருமகள். ஏழு மாதத்துக்கு முன் பதிவாளர் முன்னிலையில் ரமணனும் அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் தாலி கட்டவில்லை. தாலி ஏறும்வரை 'அத்தை' என்று கூப்பிட வேண்டாம், 'ஆன்ட்டி' போதும் என்று பரிமளம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அதுவரை சாமியறைப் பக்கம் போகவும் கூடாது. வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பின்கட்டில் தட்டு வரும்.

இந்தச் சம்பந்தத்தைப் பற்றிப் பதுளைக் கடைத்தெரு மூக்கில் விரல் வைத்துப் பேசியது. ரமணனின் அப்பா வீரசிங்கம் இரும்புக் கடை வைத்திருப்பவர். மூன்று தலைமுறையாக ஊரில் வியாபாரம் செய்யும் குடும்பம். அப்பேர்ப்பட்டவர் தன் ஒரே மகனுக்குத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்த பெண்ணை எடுக்கிறார், அதுவும் சீதனமே வேண்டாம் என்று! கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "சீதனம் வாங்குற கை பிச்சை எடுக்குற கை," என்று அவர் மைக்கில் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்ற யசோதினியின் அப்பா நல்லையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துக் காது மந்தமாகிப்போன மனிதர். தன் வாழ்நாளில் இப்படியும் ஒரு பெரிய மனிதரைப் பார்ப்போம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. யசோதினியும் நம்பினாள். நம்பியதை மட்டும் அவளுடைய தப்பு என்று என்னால் எழுத முடியாது.

மைக்கில் சொல்லாத கதை வேறு. ரமணனுக்கு லண்டன் போக வேண்டும். அதற்கான இங்கிலீஷ் பரீட்சையை இரண்டு முறை எழுதி, ஒன்பதுக்கு ஐந்து, ஐந்தரை என்று வாங்கி வந்தவன் அவன். ஏழு வேண்டும். அப்போது ஏஜென்ட் ஒருவன் வழி சொன்னான். மனைவி அந்தப் பரீட்சையில் தேறி மேல்படிப்புக்குப் போனால் புருஷனும் கூடவே போகலாம், அவன் எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. அன்றிலிருந்து வீரசிங்கம் இங்கிலீஷ் படித்த பெண்ணைத் தேடினார். தன் இனத்தில், தன் தரத்தில் தேடினார். அப்படிப் படித்த பெண்களின் வீட்டில் கடைக்காரப் பையன் வேண்டாம் என்றார்கள். பிறகுதான் அவருக்குச் சீர்திருத்தம் ஞாபகத்துக்கு வந்தது.

பெண் பார்க்கப் பூனாகலைக்கு அவர்கள் போகவில்லை. பண்டாரவளைக் கோயிலுக்குப் பெண்ணை வரச் சொன்னார்கள். "ரெஜிஸ்டர் இப்ப வச்சுக்கலாம், விசாவுக்கு அந்தப் பேப்பர் வேணும். தாலியக் கோயில்ல ஊரக் கூட்டிக் கட்டுவோம். பொண்ணோட பரீட்சை ரிசல்ட் வரட்டும்," என்றார் வீரசிங்கம். "சரிங்க மொதலாளி," என்றார் நல்லையா. சம்பந்தி என்று கூப்பிடும்படி வீரசிங்கம் அவரிடம் சொல்லவே இல்லை.

ஆக, சீதனம் இல்லை. ஆயிரம் சொல் மட்டும்தான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டு அன்று வீரசிங்கம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தார்.

"பதினொரு பிழை," என்றாள் பரிமளம். "மறுபடி மொதல்லருந்து."

"அம்மா, பஸ்ஸு போயிரும். மழை வேற," என்றான் ரமணன். சோபாவின் மூலையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் அன்று முழுக்கப் பேசியது அவ்வளவுதான். நல்லவன்தான். நல்லவனாக இருப்பதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்கிற நல்லவன்.

"போனா அடுத்த பஸ்ஸு வரும். தோட்டத்துப் புள்ளைக்கு மழை என்ன புதுசா? நீ சாப்புட வா," என்றாள் அவள்.

யசோதினி ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

பத்து ஞாயிறு இப்படியே போயிற்று. பிறகு கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. ஏழரை. நல்லையா லயம் முழுவதும் டொஃபி கொடுத்தார். அம்மா ரெங்கம்மா அன்று கொழுந்து எடுக்கப் போகாமல் கோயிலுக்குப் போனாள். பதுளைக்குப் போன் போட்டபோது பரிமளம், "பாத்தியா, நான் மூச்சு விடாம படிக்க வச்சதுக்குப் பலன்," என்றாள். அந்தப் பெருமையும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. தாலிக்குத் தேதி கேட்டு நல்லையா மூன்று தடவை போன் போட்டார். முதல் தடவை, "நாள் பாக்குறோம்." இரண்டாம் தடவை, "கடையில வேல." மூன்றாம் தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடந்தது இதுதான். அந்த வருடம் லண்டனில் சட்டம் மாறிவிட்டது. மேல்படிப்புக்குப் போகிறவர் இனிமேல் புருஷனையோ பெண்சாதியையோ கூட்டிப்போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்பாக இருந்தால்தான் உண்டு. ஏஜென்ட் இதைக் காலம் தாழ்த்தித்தான் சொன்னான். ஏழரை எடுத்தவள் போகலாம், ஐந்தரை எடுத்தவன் போக முடியாது.

ரமணனுக்கு யோசிக்க அவகாசம் கிடைக்குமுன் பரிமளம் யோசித்துவிட்டாள். கனடாவில் பிரஜாவுரிமையோடு ஒரு பெண் இருந்தாள். சொந்தத்தில் தூரத்து முறை. ஜாதகமும் பொருந்தியது.

அடுத்த ஞாயிறு வெள்ளை வேன் ஒன்று பூனாகலை ரோட்டில் ஏறி வந்து, லயத்துக்குக் கீழே நின்றது. வீரசிங்கம், பரிமளம், ரமணன் மூவரும் இறங்கினார்கள். அவர்கள் அந்த மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு வீட்டு வாசலிலும் பெண்கள் வந்து நின்றார்கள். தேதி வைக்க வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு வேலாயி ஓடிப்போய்த் தன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டாள். ரெங்கம்மா அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொள்ள நேரமில்லாமல் தலையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு வந்து கும்பிட்டாள்.

"டீ கீ ஒண்ணும் வேணாம். குடிச்சிட்டுத்தான் வந்தோம்," என்றாள் பரிமளம். நாற்காலியின் விளிம்பில், முதுகு சாயாமல் உட்கார்ந்தாள்.

வீரசிங்கம் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த இங்கிலீஷ் கடிதம். கீழே யசோதினியின் பெயர், அதற்கு மேல் புள்ளிக் கோடு.

"நல்லையா, வெளங்கச் சொல்றேன். லண்டன் காரியம் சரி வரல. சட்டம் மாத்திட்டானுங்க, நம்ம கையில ஒண்ணும் இல்ல. புள்ளைங்க ரெண்டும் ஒரு நாள் ஒண்ணா வாழல. தாலியும் கட்டல. அதனால கௌரவமா பிரிஞ்சிருவோம். ஒங்க மக இதுல ஒரு கையெழுத்துப் போட்டா போதும். மத்தத லோயர் பாத்துக்குவாரு. ஒங்களுக்கு ஒரு சதம் செலவு இல்ல."

நல்லையாவுக்கு முதலில் காதில் விழவில்லையா, விழுந்தும் புரியவில்லையா, தெரியாது. "தேதி எப்பங்க மொதலாளி?" என்றார்.

ரெங்கம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

யசோதினி தாளை வாங்கினாள். டீச்சர்கள் படிப்பதுபோல் மேலிருந்து கீழாக, விரல் வைக்காமல் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பதினைந்து வரிகளில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நடுவில் இருந்த இரண்டு சொற்கள், 'மலிஷஸ் டிசர்ஷன்', அந்தப் புத்தகத்தில் இருந்தவைதான். மூச்சு விட்டாள் என்று பரிமளம் பிழை போட்டு, மூன்று முறை திருப்பிக் கேட்ட சொற்கள்.

"இத லோயர் எழுதுனாரா?"

"ஆமா. எல்லாரும் எழுதுறதுதான்," என்றார் வீரசிங்கம். "விவாகரத்துன்னா இந்த நாட்டுல யாராவது ஒருத்தர் பேர்ல குத்தம் காட்டணும். ரெண்டு பேரும் ஒத்துப்போய்ப் பிரியுறோம்னு எழுத முடியாது. சும்மா ஒரு முறைக்குத்தான். யாரும் இதெல்லாம் படிக்கப் போறதில்ல."

"நான் படிச்சேன்," என்றாள் யசோதினி.

"கையெழுத்தப் போட்டுரு தாயி," என்றார் நல்லையா. "சனம் பாக்குது. அவங்க போயிரட்டும். நமக்கு எதுக்கு இந்தப் பெரிய எடத்து வம்பு?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற ரமணனிடம் தாளை நீட்டினாள்.

"இந்த ரெண்டு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லுங்க. தமிழ்ல சொன்னாப் போதும். நின்னு நிதானிச்சே சொல்லுங்க."

"யசோ... இப்ப எதுக்கு அது..."

"ஆயிரம் வார்த்தைய ஒங்க கையால எழுதுனவரு நீங்க. தெரியாம இருக்காது."

ரமணன் தாளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வெளியே வேலாயி, வேறு வீட்டில் வாங்கி வந்த மூன்றாவது நாற்காலியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"கெட்ட எண்ணத்தோட," என்றான் கடைசியில், மெதுவாக. "வேணும்னே... கட்டுனவங்கள விட்டுட்டுப் போறது."

"சரி. யாரு யார விட்டுட்டுப் போறது?"

அவன் தாளை அவளிடமே திருப்பி நீட்டினான். அந்தப் பையன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு சொல்லுக்குச் சரியான விளக்கம் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அது தன்னைப் பற்றியது என்று அவனுக்கு விளங்கியது.

"இதுல நான்தான் கெட்ட எண்ணத்தோட இவர விட்டுட்டுப் போயிட்டேன்னு எழுதியிருக்கு," என்றாள் யசோதினி, எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் எங்கயும் போகல. ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு பஸ்ஸு மாறி ஒங்க வீட்டுக்குத்தான் வந்தேன்."

"அட, யாராவது ஒருத்தர் பேரு வந்தே ஆகணும்னு சொல்றேனே," வீரசிங்கத்துக்கு எரிச்சல் ஏறியது.

"அப்ப அவரு பேரப் போடுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

பரிமளம் எழுந்துவிட்டாள். "என்னடி பேசுற? அவனுக்கு இன்னொரு எடத்துல பேசியிருக்கோம். கனடாவுல நாலு பேரு விசாரிப்பாங்க. பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுனவன்னு பேரு வந்தா எவன் பொண்ணு குடுப்பான்? அவன் வாழ வேணாமா?"

"நான் வாழ வேணாமாங்க?"

"ஒங்களுக்கெல்லாம் இது ஒரு பெரிய விஷயமா? லயத்துல எவ எவன விட்டா, எவன் எவளக் கூட்டிட்டுப் போனான்னு யாரு கணக்கு வச்சிருக்கா?"

வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. தேயிலைக் காட்டில் நின்று நின்றே கால் வீங்கி, குடிகாரப் புருஷனையும் சுமந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய பெண்கள் அவர்கள். பரிமளத்தின் நாக்கில் அந்தச் சொல் தவறி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தாலியைத் தள்ளிப் போட்ட நாளிலிருந்து அவள் மனதில் அதுதான் இருந்தது. வீரசிங்கம் மனதிலும் அதுதான் இருந்தது. அவருக்கு மைக் பிடித்துப் பழக்கம் இருந்ததால் வெளியே வரவில்லை, அவ்வளவே.

நல்லையா எழுந்தார். மகளின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது.

"நான் சொன்னத மறந்துரு," என்றார் மகளிடம். "போடாத."

யசோதினி, சட்டைப்பையில் பேனாவோடு நின்ற வீரசிங்கத்திடம் கை நீட்டினாள். அவர் கையெழுத்துக்குத்தான் என்று நினைத்துப் பேனாவைக் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து, தன் பெயர் இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு கிழித்து, மேலே ரமணனின் பெயரை எழுதினாள். அவன் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே நிதானத்தோடு செய்தாள். பிறகு பேனாவையும் தாளையும் ரமணனிடம் கொடுத்தாள்.

"இப்ப இதுல பிழை இல்ல. நீங்க போடுங்க."

ரமணன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பரிமளம் தாளைப் பறித்து இரண்டாகக் கிழித்தாள்.

"எங்க வீட்டுல ஒக்காந்து படிச்ச இங்கிலீஷ எங்ககிட்டயே காட்டுறியா?"

"வேற யாரும் என்கிட்ட இவ்வளவு அர்த்தம் கேக்கலையே ஆன்ட்டி."

"கையெழுத்து இல்லாம நீ எத்தன வருஷம் இழுப்பேன்னு பாக்குறேன்," என்றார் வீரசிங்கம். செருப்பை மாட்டும்போது அவருக்குக் கால் சரியாக நுழையவில்லை. "கட்டுனவளும் இல்ல, கட்டாதவளும் இல்லன்னு இப்படியே இங்க கெடந்து கெழவியாவ. அப்ப என் கடை வாசலுக்கு நீயே வந்து நிப்ப."

அதில் பொய் ஒன்றும் இல்லை. வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். இருபத்தேழு வயது முப்பத்திரண்டாகும். இனி ஒருவன் பெண் கேட்டு வந்தாலும் 'ரெஜிஸ்டர் ஆன பொண்ணு' என்று திரும்பிப் போவான். யசோதினிக்கு அதெல்லாம் தெரிந்தே இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் திரும்பவும் அந்தத் தாளை நினைத்தபோது, தன் கையால் தன்னைக் கெட்டவள் என்று எழுதிக் கொடுப்பதைவிட இந்தப் பயம் தாங்கக்கூடியதாக இருந்தது.

வேன் கீழே இறங்கித் தேயிலைக்குள் மறைந்தது. ரெங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "உள்ள வா புள்ள, கதவ அடைச்சிருவோம்," என்றாள்.

கதவை அடைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு கதை தானாக முளைத்திருக்கும். பதுளையிலிருந்தும் ஒரு கதை வரும். தோட்டத்துப் பிள்ளை திமிர் பிடித்து விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற கதை. அது பஸ் ஏறிப் பசறைக்கும் பண்டாரவளைக்கும் போகும். யசோதினி உள்ளே போகவில்லை. வாசற்படியில் இறங்கி, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி நின்றாள்.

"தேதி வைக்க வரலக்கா. என்னய வேணாம்னு சொல்ல வந்தாங்க. அவங்கதான் விட்டுட்டுப் போறாங்க. ஆனா நான் விட்டுட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. நான் குடுக்கல."

வேலாயிதான் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீ இன்னமும் அந்த வீட்டு மருமக தானா?"

"சட்டப்படி ஆமாக்கா," என்றாள் யசோதினி. "உண்மைய எழுதி, அவரு கையெழுத்துப் போடுற வரைக்கும் நான்தான் அந்த வீட்டு மருமக. அதுவரைக்கும் அவரு கனடாவுலயும் மாப்பிள்ளையா ஒக்கார முடியாது."